பாம்பு கடித்தால் கயிற்றைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். கடலைக் கொல்லையில் களை எடுக்கும்போது கணுக்காலில் கடி. கடித்தது சாயங்காலம், எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தது ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கும் பிறகு. நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் வழக்கமான பதில்தான்: முழங்காலுக்குக் கீழே நைலான் கயிறு, அதற்கு மேலே துண்டு, அதற்கும் மேலே கிழித்த புடவை, அப்புறம் பக்கத்து ஊரில் பச்சிலை கொடுப்பவர். பாதம் கறுத்துச் சில்லிட்டுக் கிடந்தது, தொட்டுப் பார்த்தால் நாடி இல்லை. இதில் பாம்பு செய்தது எவ்வளவு, கயிறு செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியவில்லை.

கட்டினால் விஷம் மேலே ஏறாது என்று உங்களுக்கு யார் சொன்னது? எவ்வளவு இறுக்கினாலும் அது முழுதாக நிற்பதில்லை. நிற்பது காலுக்குப் போகும் ரத்தம்தான். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் சதையையே அரித்துவிடும். அதை ஆடுசதைக்குள் பூட்டிவைத்தால் கால் என்ன ஆகும்? விரலை எடுத்தவர்களும் உண்டு, காலையே எடுத்தவர்களும் உண்டு. இன்னொன்று, கட்டைத் திடீரென்று அவிழ்த்தால் தேங்கியதெல்லாம் ஒரேயடியாக உடம்புக்குள் இறங்கி ரத்த அழுத்தம் விழலாம், மூச்சு நிற்கலாம். அதனால்தான் நரம்பில் ஊசி போட்டு, விஷமுறிவு மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு மெதுவாக அவிழ்க்கிறோம். அதற்குள் உறவினர்கள் "டாக்டர் சும்மா நிற்கிறார்" என்று வீடியோ எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் நீங்கள் வழியில் அவிழ்க்க வேண்டாம், சீக்கிரம் கொண்டுவந்து சேருங்கள்.

"லேசாகக் கட்டலாமா சார்?" வேண்டாம். ஆஸ்திரேலியாவில் கிரேப் பேண்டேஜ் சுற்றுகிறார்களே என்று யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் அதே பதில்தான். அங்கே இருக்கும் பாம்புகள் வேறு, நம் ஊரில் விரியன் கடித்தால் கால் பானை போல வீங்கும். கீறுவதும் உறிஞ்சுவதும் அப்படித்தான், கூடவே கூடாது. வேப்பிலை கசக்கிறதா, மிளகு காரமாக இருக்கிறதா என்று வாயில் போட்டுப் பார்க்கும் சோதனைக்கு நான் பதிலே சொல்லப்போவதில்லை.

பச்சிலையில் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். சாரையோ தண்ணீர்ப் பாம்போ கடித்தால் பச்சிலை இல்லாமலும் பிழைப்பார்கள். விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்குவதில்லை.

பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துவருவதையும் நிறுத்துங்கள். வெட்டிப்போட்ட தலைகூடக் கடிக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், இரண்டு விரியன்கள் என நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். எங்களுக்குத் தேவை உங்கள் ரத்தம். கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். இந்த வாரம் வந்தவருடையது தண்ணீராக ஓடியது. விரியன் வேலை என்று தெரிய அது போதும்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்பது ஆய்வுக் கணக்கு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது, அதாவது ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல விஷயம்தான், ஆனால் மந்திரிப்பவர் வீட்டு வாசலில் காத்திருப்பவர் அந்தக் கணக்கில் எப்படி வருவார்?

சரி, கடித்தால் என்ன செய்வது? மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது. காலை ஆட்டாமல் ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவாருங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

கட்டுவிரியன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். களத்துமேட்டில் நெல்லுக்குக் காவலாகத் தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும், வலியும் இருக்காது, பல் தடமும் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி என்று எழுவார், வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். கண் இமை சொருகினால், பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், தரையில் படுத்திருந்ததையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். (இளம் டாக்டர்களுக்கும் ஒன்று: விடிகாலை வயிற்று வலிக்கு கேஸ் மாத்திரை எழுதுமுன் இமையைப் பாருங்கள்.)

மற்றபடி, அண்ணன்மாரே, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும்போது செல்போன் வெளிச்சத்தை நம்பாமல் ஒரு நல்ல டார்ச் வாங்குங்கள். கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுங்கள், கடி பெரும்பாலும் காலில்தான். விறகு அடுக்கு, வைக்கோல் போர், மோட்டார் கொட்டகை மூலை எதிலும் பார்க்காமல் கையை விடாதீர்கள், முதலில் கம்பால் தட்டுங்கள். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைக் கையில் எடுக்கிறவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். களத்தில் படுக்கத்தான் வேண்டும் என்றால் கட்டில் போட்டுப் படுங்கள், கட்டில் இல்லாவிட்டால் கொசுவலையின் ஓரம் நாலு பக்கமும் பாய்க்கு அடியில் இருக்கட்டும்.