கையடக்க கேமராவின் லென்ஸ் வளையத்தில் இரண்டு எண்கள்

கையடக்க டிஜிட்டல் கேமரா வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. அடுத்துச் சொல்வது எத்தனை மடங்கு ஜூம் என்பது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பவையும் இவையே. ஆனால் வீட்டுக்குள் ஓடியாடும் குழந்தை, விளக்கு வைத்த பிறகான கடைத்தெரு, திருமண மண்டபத்தின் பின்வரிசை என்று அன்றாடம் நாம் எடுக்கும் படங்கள் தெளிவாக வருமா என்பதைத் தீர்மானிக்கும் எண்கள் பெட்டியின் மேல் இல்லை. அவை லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ‘8.8–36.8 மி.மீ. 1:1.8–2.8’ என்பது போன்ற அந்த ஒற்றை வரியைப் படிக்கத் தெரிந்துகொண்டால், ஒரு கேமரா எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்பதைக் கடையில் நின்றபடியே ஒரு வகுத்தல் கணக்கில் கண்டுகொள்ளலாம்.

ஒளியின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? லென்ஸின் வழியே வரும் ஒளி, சென்சார் எனப்படும் சிலிக்கான் தகட்டின் மேல் விழுகிறது. சிலிக்கானில் ஒரு ஃபோட்டான் உறிஞ்சப்படும்போது ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை எலக்ட்ரான்கள் சேர்ந்தன என்று அளந்து சொல்வதே சென்சாரின் வேலை. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி இதற்கு வழிவகுத்தது. 2009-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. இன்றைய கேமராக்களில் சிசிடியின் இடத்தைச் சிமாஸ் வகைச் சென்சார் பிடித்துக்கொண்டுவிட்டது என்றாலும், ஃபோட்டானை எலக்ட்ரானாக மாற்றிச் சேர்த்து அளக்கும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

ஃபோட்டான்கள் அணிவகுத்துச் சீராக வருவதில்லை. தூறல் விழும்போது ஒரே அளவுள்ள இரண்டு ஓடுகளில் ஒன்றில் ஒன்பது துளிகளும் மற்றொன்றில் பதின்மூன்று துளிகளும் விழக்கூடும்; அதுவே கொட்டும் மழையானால் இரண்டு ஓடுகளும் வேறுபாடின்றி நனைந்துவிடும். ஒளியிலும் இதே தற்செயல் உண்டு. அதன் அளவு, வந்து சேர்ந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமம். சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழும் பிக்சலில் ஏற்ற இறக்கம் 10, அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 விழும் பிக்சலில் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றுக்கு ஒன்று மட்டுமே. இருட்டில் எடுத்த படத்தின் நிழற்பகுதிகளில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள் பெரும்பாலும் இந்தத் தற்செயலின் விளைவுதான். சென்சாரின் தரக்குறைவாக அதை நினைத்துக்கொள்கிறோம்; உண்மையில் அது ஒளியின் இயல்பு, எவ்வளவு விலை கொடுத்தாலும் நீங்காது. அதைக் குறைப்பதற்குள்ள வழி கூடுதலான ஃபோட்டான்களைச் சேர்ப்பதுதான். கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் படம் வெளிச்சமாகிறதே என்று கேட்கலாம். அது கிடைத்த சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டுகிறதே தவிர, புதிதாக ஒரு ஃபோட்டானையும் கொண்டுவருவதில்லை.

உச்சி வெயிலின் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவில் விளக்கெரியும் வீட்டுக்கூடத்தில் அது 100 முதல் 200 லக்ஸ் வரைதான் இருக்கும். நம் கண்ணும் மூளையும் இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிவிடுவதால் கூடம் நன்றாகவே வெளிச்சமாக இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது; கேமராவுக்கோ அங்கு வெளியில் கிடைத்ததில் ஐந்நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே கிடைக்கிறது. வெயிலில் எடுத்த மாதிரிப் படங்களைக் காட்டி எந்தக் கேமராவையும் விற்றுவிடலாம் என்பது இதனால்தான். வீட்டுக்குள் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைத்து ஒளியைச் சேர்க்கலாம். ஆனால் நடமாடும் மனிதர்கள் மங்காமல் இருக்க ஏறக்குறைய 1/125 நொடிக்குள் படம் பதிவாகிவிட வேண்டும். கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு நம் கையின் அசைவைத்தான் சரிசெய்யும். குழந்தையின் ஓட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. ஆக, எஞ்சியிருப்பது ஒளி நுழையும் வாசலைப் பெரிதாக்குவதுதான்.

அந்த வாசலின் அளவைத்தான் லென்ஸ் வளையம் சொல்கிறது. முதலில் உள்ள மில்லிமீட்டர் எண் குவியத் தொலைவு, அதாவது தொலைவிலுள்ள காட்சியை லென்ஸ் குவிக்கும் தூரம். ‘1:’ என்பதற்குப் பின்னுள்ளது எஃப் எண். இரண்டிலும் முதலில் வருவது ஜூம் செய்யாத அகலக் கோணத்துக்கும், கோட்டுக்குப் பின் வருவது ஜூமின் கடைசி முனைக்கும் உரியது. குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைத்துவிடும். ஒரே காட்சியை, ஒரே இடத்திலிருந்து, ஒரே அகலத்தில் படமெடுக்கும் இரண்டு கேமராக்கள் ஒரே நேர அளவில் சேர்க்கும் மொத்த ஒளி, இந்த விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காட்சியின் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. ஒன்றின் அகலக் கோணத்தை மற்றொன்றின் ஜூம் முனையோடு ஒப்பிட்டால் கணக்கு பிசகிவிடும். விளம்பரங்களில் ‘24–960 மி.மீ.க்கு நிகரானது’ என்று வருவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் அளவில் சொன்ன காட்சி அகலமே ஆகையால், வகுத்தலுக்கு அதை எடுத்துக்கொள்ளாமல் வளையத்தில் உள்ள உண்மையான குவியத் தொலைவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில கேமராக்களுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 2018-இல் வெளிவந்த கேனான் எஸ்எக்ஸ்740 எச்எஸ் சட்டைப்பைக்குச் சற்றே பெரியது. 40 மடங்கு ஜூம் உடையது. அதன் அகலக் கோணத்தில் குவியத் தொலைவு 4.3 மி.மீ., எஃப் எண் 3.3, துளையின் விட்டம் 1.3 மி.மீ. அதே நிறுவனத்தின் ஜி7 எக்ஸ் மார்க் 2 மாடலில், அதே காட்சி அகலத்துக்கு, 8.8 மி.மீ.யை 1.8-ஆல் வகுக்கிறோம், விட்டம் 4.9 மி.மீ. இரண்டிலும் ஏறத்தாழ 20 மெகாபிக்சல்தான். எனினும் இரண்டாவது, முதலாவதைவிட 14 மடங்கு ஒளியை வாங்குகிறது. முதலாவதில் மணல் தூவிய படம் வரும் கூடத்தில் இரண்டாவதில் பளிச்சென்ற படம் வருவதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதே கணக்குக் கைப்பேசிக்கும் பொருந்தும் என்பதுதான் கேமரா நிறுவனங்களுக்குச் சங்கடம். ஐஃபோன் 14 புரோவின் முதன்மைக் கேமராவின் குவியத் தொலைவு 6.86 மி.மீ., எஃப் எண் 1.78, துளையின் விட்டம் 3.85 மி.மீ. அதாவது, அகலக் கோணத்தில் 40 மடங்கு ஜூம் கேமராவைவிட அது 8 மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கிறது. போதாதென்று கைப்பேசிகள் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்த்துவிடுகின்றன. கூகுள் தன் பிக்சல் கைப்பேசிகளுக்கு 2018-இல் கொண்டுவந்த இரவுப்பட வசதி இந்த முறையைப் பரவலாக அறியச் செய்தது. அசையாத காட்சியில் இப்படிச் சேர்ப்பதன் பலன், ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்ததற்கு ஒப்பானது. எனவே வெயிலிலும் அகலக் கோணத்திலும் மட்டுமே படமெடுப்பவர், நல்ல கைப்பேசி ஒன்று கையில் இருக்குமானால், தனிக் கேமராவுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. 2010-இல் உலகம் முழுவதும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் அதிகம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை லென்ஸ் கழற்ற முடியாத சிறிய கேமராக்கள். 2023-இல் அவ்வகையின் எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. 1.3 மி.மீ. துளைக்கு அங்கே பிழைப்பில்லை.

கையடக்க கேமரா இன்னும் முந்தி நிற்கும் இடம் ஜூமின் நடுப்பகுதியும் மனிதர்களைப் படமெடுக்கும் கோணமும் ஆகும். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மாடலின் சென்சாரும் ஜி7 எக்ஸ் மார்க் 2 மாடலின் சென்சாரும் ஒரே அளவு. ஆனால் ஜூமின் கடைசி முனையில் முன்னதன் கணக்கு 37.1-ஐ 4.9-ஆல் வகுப்பது, விட்டம் 7.6 மி.மீ.; பின்னதன் கணக்கு 36.8-ஐ 2.8-ஆல் வகுப்பது, விட்டம் 13.1 மி.மீ. ஒளியில் மூன்று மடங்கு வேறுபாடு. முகத்துக்குப் பின்னே தொலைவில் உள்ளவை எந்த அளவுக்குக் கலங்கித் தெரியும் என்பதும் இதே விட்டத்தைப் பொறுத்ததே என்பதால், பின்னதில் பின்னணி ஏறக்குறைய இரு மடங்கு மென்மையாகிறது. ‘எஃப்/1.8’ என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் வளையத்தில் அதற்கடுத்து இன்னோர் எண் இருப்பதைக் கவனிப்பதில்லை. ஜூம் செய்யத் தொடங்கிய உடனே எஃப் எண் அந்த இரண்டாவது எண்ணை நோக்கி நகர ஆரம்பித்துவிடும்.

அப்படியானால் சென்சாரின் அளவுக்கு மதிப்பில்லையா? உண்டு, ஆனால் துளையின் வழியாக. சென்சார் பெரிதாக இருந்தால் அதே காட்சி அகலத்துக்குக் கூடுதல் குவியத் தொலைவு தேவைப்படும். குவியத் தொலைவு கூடும்போது, அதே எஃப் எண்ணுக்குத் துளையும் அகலமாகும். சிறிய கேமராக்களில் பரவலாக இருக்கும் 1/2.3 அங்குலச் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ.; 1 அங்குலச் சென்சாருடையது 116 சதுர மி.மீ.; ரிக்கோ ஜிஆர் 3, ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை ஆகியவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சாருடையது சுமார் 367 சதுர மி.மீ. ‘1 அங்குலம்’ என்பதை அளவுகோலால் அளந்து பார்த்தால் எந்தப் பக்கமும் 25.4 மி.மீ. வராது, அது பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் கொண்டு சொல்லும் வழக்கம், உண்மையான அளவு 13.2 × 8.8 மி.மீ.தான்.

பெரிய சென்சார் எப்போதும் வெல்லும் என்றும் சொல்லிவிட முடியாது. ஜிஆர் 3 மாடலின் 18.3 மி.மீ. குவியத் தொலைவை அதன் எஃப் எண்ணான 2.8-ஆல் வகுத்தால் 6.5 மி.மீ.; ஆர்எக்ஸ்100 மாடலின் அகலக் கோணத்தில் 10.4-ஐ 1.8-ஆல் வகுத்தால் 5.8 மி.மீ. இரண்டின் காட்சி அகலமும் ஒன்றே. சென்சாரின் பரப்பில் மூன்று மடங்கு பெரியதான ஜிஆர் 3, ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூட முந்தவில்லை. அதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது: ஜூம் இல்லாத லென்ஸின் கூர்மையும், நல்ல வெளிச்சத்தில் பெரிய சென்சார் நிரம்பிவழியாமல் தாங்கிக்கொள்ளும் ஒளியின் அளவும்.

மெகாபிக்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 6 × 4 அங்குலப் படத்தைக் கூர்மையாக அச்சிட 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் தேவை. ஏ4 தாளுக்கு 9 மெகாபிக்சல் போதும். சிறிய சென்சாரில் 20 மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொன்றின் அகலமும் 1.2 மைக்ரோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் ஒளி அலையாகவும் இருப்பதால், துளையைக் கடக்கும்போது விளிம்பு விளைவினால் பரவி, ஒரு புள்ளியைச் சிறு வட்டமாகவே பதிக்கிறது. பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம், எஃப் எண்ணை ஏறத்தாழ 1.34-ஆல் பெருக்கினால் வரும் மைக்ரோமீட்டர் அளவு. 40 மடங்கு ஜூமின் கடைசி முனையில் எஃப் எண் 6.9, எனவே வட்டத்தின் விட்டம் 9 மைக்ரோமீட்டருக்கு மேல். தொலைவிலுள்ள கோபுரத்தின் ஒரு நுண்புள்ளி, குறுக்கே ஏழெட்டுப் பிக்சல்கள் அளவுக்குப் பரவிவிடுகிறது. லென்ஸ் எவ்வளவு குறையின்றிக் கடைந்தெடுக்கப்பட்டிருந்தாலும் இது மாறாது. நீருக்கடியில் 15 மீட்டர் வரை தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 மாடலில் அதே சிறிய சென்சாரில் 12 மெகாபிக்சலோடு நிறுத்திக்கொண்டதைப் பொறியாளர்களின் நிதானம் என்று பாராட்டலாம். இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘48 மெகாபிக்சல்’ என்று விற்கப்படும் பெயர் தெரியாத கேமராக்கள் பலவற்றில் சென்சாரின் உண்மையான பிக்சல்கள் அதில் சிறு பகுதியே. மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. அவற்றின் லென்ஸ் வளையத்தில் எண்களே இல்லாவிட்டால், அதையே விடையாக எடுத்துக்கொள்ளலாம்.

பழைய சிசிடி கேமராக்களைத் தேடிப்பிடித்து வாங்கும் மோகம் அண்மையில் வளர்ந்திருக்கிறது. அவற்றின் நிறம் தனி என்கிறார்கள். பிக்சல்களுக்கு நிறம் தெரியாது. அவற்றின் மேல் பதித்த சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளும் அவற்றிலிருந்து நிறத்தைக் கணக்கிடும் மென்பொருளுமே நிறத்தை முடிவுசெய்கின்றன. அக்காலப் படங்களின் தோற்றத்தில் பெரும்பங்கு கேமராவின் ஃபிளாஷுக்கு உரியது. செனான் குழாயின் பளிச்சென்ற ஒளி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலோ அதற்கும் குறைவாகவோ முடிந்துவிடுவதால் அசைவு உறைந்துவிடுகிறது. தொலைவு கூடக்கூட அதன் வெளிச்சம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் முகம் பளிச்சென்றும் பின்புறம் இருண்டும் தெரிகிறது. கைப்பேசியின் எல்இடி விளக்கு இதற்கு ஈடாகாது. ஃபிளாஷ் வேண்டுமென்பவர் அது கேமராவிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஜிஆர் 3 மாடலில் இல்லை, ஆர்எக்ஸ்100, ஜி7 எக்ஸ் மார்க் 2 இரண்டிலும் உண்டு.

கணக்குக்குள் அடங்காத சிலவும் உண்டு. வெயிலில் பின்திரை கண்ணுக்குத் தெரியாது. கண் வைத்துப் பார்க்கும் காட்சித் துளை இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஜிஆர் 3 மாடலின் பேட்டரி ஒருமுறை மின்னேற்றினால் 200 படங்கள் அளவுக்கே வரும் என்பதால் உபரி பேட்டரியின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்களில் இவற்றைவிடப் பெரிய தொல்லை தூசி. உள்ளே இழுத்துக்கொள்ளும் லென்ஸ்கள் ஒவ்வொரு முறை நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உறிஞ்சி வெளிவிடுகின்றன. அதனுடன் போகும் தூசி சென்சாரின் மேல் படிந்துவிட்டால், லென்ஸ் கழற்ற முடியாத கேமராவை முழுவதுமாகப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். பயன்படுத்திய கேமராவை வாங்கும்போது எஃப் எண்ணை அதன் உச்ச அளவில் வைத்து, வெள்ளைச் சுவரையோ வெளிறிய வானத்தையோ ஒரு படமெடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். துளை குறுகியிருக்கும் அந்த நிலையில் சென்சாரின் மேலுள்ள தூசி கலங்கலான கரும்புள்ளியாகத் தெரிந்துவிடும். கேமராவைத் திருப்பி வைத்து எடுத்த இரண்டாவது படத்திலும் புள்ளி அதே இடத்தில் இருந்தால், அது சுவரில் உள்ள கறை அல்ல.