ஈரம் 12ஐத் தாண்டினால் கட்டம் எப்படிச் சிவக்கிறது?

ஏற்காட்டில் அராபிகா வகைக் காப்பியின் அறுவடைக் காலம் வந்துவிட்டால் களத்தில் இடம் இருக்காது. தோலுரித்துக் கழுவிய காப்பிக்கொட்டை, பார்ச்மென்ட் என்கிற மேலோட்டோடு அங்கே காய்கிறது. வரும்போது பாதிக்குப் பாதி ஈரம். அதை 10, 11 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும், ரொம்பக் காய்ந்தால் கொட்டை நொறுங்கும். இத்தனை லாட்டுகளின் (தனித்தனியாகக் காயும் கொட்டைத் தொகுதிகளின்) ஈர அளவையும் எக்செல் தாளில் ஏற்றியபின், கவனிக்க வேண்டிய எண் தானாகச் சிவந்தால் எவ்வளவு நல்லது! அதைச் செய்வதுதான் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்.

ஒவ்வொரு கட்டத்திடமும் நாம் எழுதிய கேள்வியை அது கேட்கும். விடை 'ஆம்' என்றால் நிறம் ஏறும், 'இல்லை' என்றால் ஒன்றும் நடக்காது. எண்ணைத் தொடாது, ஏற்கெனவே இருந்த நிறத்தையும் அழிக்காமல் அதன்மேல் போர்த்தும். ஈரம் குறைந்து புது எண் அடித்ததும் போர்வை விலகிவிடும். கையால் நிறமடித்த கட்டமோ, நாம் மாற்றும்வரை நேற்றைய சிவப்பிலேயே நிற்கும்.

பலரும் தடுமாறும் இடம் டாலர் குறி. ஏ நெடுவரிசையில் லாட் எண், பியில் களத்தில் பரப்பிய தேதி, சியில் ஈரம் என்று வைப்போம். ஈரம் 12 சதவீதத்தை மிஞ்சிய லாட்டின் வரி முழுதும் சிவக்க வேண்டும். ஏ2வில் தொடங்கி சி60 வரை தேர்ந்தெடுத்து, விதியில் =சி2>12 என்று எழுதினால் லாட் எண் மட்டும்தான் சிவக்கும். ஏனென்றால் அந்தச் சூத்திரம் ஏ2வுக்காக எழுதியது. பக்கத்துக் கட்டத்துக்குப் போகும்போது சூத்திரமும் ஓரடி நகர்ந்துவிடும்: பி2 போய் டி2வைப் பார்க்கும், சி2 போய் இ2வைப் பார்க்கும். அங்கே எதுவுமில்லை. =$சி2>12 என்று எழுதிப் பாருங்கள். எந்தக் கட்டம் கேட்டாலும் பார்வை சி நெடுவரிசையை விட்டு நகராது. 2க்கு முன்னால் டாலர் இல்லாததால் வரிக்கு வரி கீழே மட்டும் இறங்கும். சரி, இவ்வளவுதான் சூட்சுமம்.

நிறம் வராவிட்டால் முதலில் சதவீதக் குறியைப் பாருங்கள். கட்டத்தில் 13% என்று அடித்தால் உள்ளே இருப்பது 0.13. அது 12ஐ ஒருநாளும் தாண்டாது. '10.5 ஈரம்' என்று எழுத்தையும் சேர்த்து அடித்தால் நேர்மாறான சிக்கல்: எக்செல் கணக்கில் எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது, அதனால் நன்றாகக் காய்ந்த லாட்டும் சிவந்துவிடும்.

பச்சையிலிருந்து சிவப்புவரை படிப்படியாகக் காட்டும் கலர் ஸ்கேல் எக்செல் 2007இல் வந்தது. பார்க்க அழகு, ஆனால் களத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன். சும்மா போட்டால், தாளில் இருப்பதற்குள் சிறிய எண்ணுக்குப் பச்சை கொடுத்துவிடும். எல்லா லாட்டும் 30 சதவீத ஈரத்தில் இருந்தாலும் ஒன்று பச்சையாகத் தெரியும்.

அப்புறம், நேற்றுப் பரப்பிய லாட் ஈரமாக இருப்பது இயல்பு; அதற்குச் சிவப்பு தேவையில்லை. 10 நாளுக்கு மேலாகியும் காயாததைத்தான் பிடிக்க வேண்டும் என்றால், =ஆண்ட்($சி2>12, டுடே()-$பி2>10). ஆண்ட் என்றால் இரண்டு நிபந்தனையும் பொருந்த வேண்டும், டுடே என்றால் இன்றைய தேதி. எக்செல்லுக்குத் தேதியும் ஓர் எண்தான், அதனால் கழிக்க முடிகிறது. டுடே தினமும் மாறுவதால், யாரும் எதையும் அடிக்காவிட்டாலும் கெடு தாண்டிய லாட் மறுநாள் தாளைத் திறக்கும்போது சிவந்திருக்கும்.