பிந்திய நேரத்தை ஓடிப் பிடிக்க முடியுமா?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ரோட்டால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். "கார் 70இல போகும், நாலு மணித்தியாலத்துக்குள்ள வந்திடுவன்" என்று ஃபோனில் சொல்லிவிட்டுப் புறப்பட்டு, ஒருநாளும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேராத ஆள் நான். வகுத்ததில் பிழையில்லை. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், 260ஐ 70ஆல் வகுத்தால் 3.7. பிழை அந்த 70இல்தான். அது மீற்றர் முள் இடையிடையே தொட்ட வேகம். கணக்குக்கு வேண்டியது சராசரி வேகம், அதாவது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது. தேத்தண்ணிக்கு நின்ற இருபது நிமிஷம், குருணாகல் நெரிசல், ரோட்டைக் கடந்த யானைக்கு வழிவிட்டு எஞ்சினை நிறுத்திக் காத்திருந்தது எல்லாம் அந்த மொத்த நேரத்துக்குள் அடக்கம்.

சரி, சராசரி 50 என்று வைத்தால் 5.2 மணித்தியாலம் வரும். இதை ஐந்து மணித்தியாலம் இருபது நிமிஷம் என்று வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், 0.2ஐ 60ஆல் பெருக்கிப் பாருங்கள், 12 நிமிஷம்தான்.

இதைவிட ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. கந்தளாய் இங்கிருந்து 40 கிலோமீற்றர் என்று வைப்போம். போகும்போது 60, வரும்போது மழை, 40. சராசரி 50 என்றுதான் வாய் சொல்லும். ஆனால் போக 40 நிமிஷம், வர 60 நிமிஷம், ஆக 80 கிலோமீற்றருக்கு 100 நிமிஷம். சராசரி 48. மெதுவாக ஓடிய வேகத்தில்தானே கூடுதல் நேரம் இருந்தோம், அது சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது.

இன்னும் மோசமானதைக் கேளுங்கள். அதே கந்தளாய்க்குச் சராசரி 60இல் போய்ச் சேர வேண்டும், கையில் இருப்பது 40 நிமிஷம். முதல் 20 கிலோமீற்றரை ஒரு லொறிக்குப் பின்னால் 30இல் ஊர்ந்து போனால் அந்த 40 நிமிஷமும் அங்கேயே முடிந்தது. மிச்சப் பாதித் தூரத்துக்கு நேரமே இல்லை, சீனக்குடாவில் விமானம் ஏறினாலும் சரிவராது.

வெட்டவெளி ரோட்டில் மிதிப்பதால் கிடைப்பதும் கொஞ்சம்தான். 40 கிலோமீற்றரை 60இல் ஓடாமல் 70இல் ஓடினால் மிச்சம் ஆறு நிமிஷம்கூட இல்லை. 20இல் ஊர வேண்டிய இடத்தில் 30இல் போக முடிந்தால் அதே தூரத்துக்கு 40 நிமிஷம் மிச்சம். அதனால் நெரிசல் தொடங்குமுன் விடியற்காலையில் புறப்படுகிறேன். எப்போது வருவாய் என்று கேட்டால் 260ஐ 45ஆல் வகுத்து, கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம் என்கிறேன்.