குண்டின் கடைசி 30 சென்டிமீட்டர்

உடலுக்குள் நுழைந்ததும் மூக்கு நசுங்கி, காளான் குடைபோல விரியும் குண்டைப் போரில் மனிதர்மேல் சுடக் கூடாது என்று 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் தடைசெய்தன. கல்கத்தாவுக்கு அருகே டம் டம் என்ற ஊரின் ஆயுதத் தொழிற்சாலையில் உருவானதால் அதற்கு இன்றும் 'டம் டம் குண்டு' என்றே பெயர். ஆனால் இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் ரைபிளால் மானைச் சுடுகிறவரிடம் கேட்பதே இப்படி விரியும் குண்டைத்தான். முழுக்க உலோக உறை போட்ட ராணுவக் குண்டு அங்கே சட்டவிரோதம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் பெரிய விலங்குகளுக்கு இதே விதி.

மனிதனுக்குக் கொடுமை என்று ஒதுக்கிய ஒன்று மானுக்கு மட்டும் எப்படிக் கருணையாகும்? அடிபட்ட வீரனைத் தூக்கிக்கொண்டுபோக ஆள் உண்டு, கட்டுப்போட மருத்துவர் உண்டு. மானுக்கு இரண்டும் இல்லை. ஊசிபோலத் துளைத்து மறுபக்கம் வெளியேறும் குண்டு மானைக் கொல்லாது என்றில்லை, மெல்லக் கொல்லும். புதருக்குள் இரண்டு நாள் கிடந்து சாவதைவிடச் சில நொடிகளில் சாவது மேல் என்பதே அந்தச் சட்டத்தின் பின்னால் இருக்கும் எண்ணம்.

வேட்டைக்காரர்கள் கூடும் இடத்தில் எந்த ரைபிள், எந்த காலிபர் (தோட்டாவின் அளவு) என்ற வழக்கு ஓயாது. என் எண்ணத்தில் அந்த வழக்கு நடக்கும் இடமே தவறு. விலங்கின் தோலைத் தொட்டபின் குண்டு கடக்கும் கடைசி 30 சென்டிமீட்டரில்தான் எல்லாம் முடிவாகிறது. ரைபிள், அதன்மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப், பைனாகுலர் எல்லாமே அந்தக் குண்டைச் சரியான இடத்தில், சரியான வேகத்தில் கொண்டுசேர்ப்பதற்கான ஏற்பாடுகள்.

பேச்சு குழம்பாதிருக்க ஒரு சிறு விளக்கம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் ஈயமோ செம்போ ஆன உருளை, இவை சேர்ந்தது தோட்டா. நுனியிலிருந்து பிரிந்து பறப்பது மட்டுமே குண்டு.

1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்று, பிறகு வேட்டைக்காரர்களின் செல்லமான .30-06 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 180 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 11.7 கிராம், நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படுகிறது. அதன் ஆற்றல் கிட்டத்தட்ட 3,900 ஜூல். 100 கிலோ மூட்டை 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வரும் ஆற்றல் அது. அப்படியானால் மான் தூக்கி எறியப்பட வேண்டாமா? படாது. தள்ளுவது ஆற்றல் அல்ல, உந்தம். 11.7 கிராமை வேகத்தால் பெருக்கி 80 கிலோ மானுக்குப் பகிர்ந்தால், மானுக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் அளவுதான். 'இந்தத் தோட்டா மானை அப்படியே சாய்த்துவிடும்' என்று பெருமையாகச் சொல்வதில் இயற்பியல் இல்லை. நின்ற இடத்திலேயே விழும் மான், மூளையோ தண்டுவடமோ தாக்கப்பட்டதால் விழுகிறது. மற்றவை ரத்தம் வடிந்து, மூளைக்கு ஆக்சிஜன் நின்றபின் விழுகின்றன.

எனவே குண்டின் வேலை தள்ளுவதல்ல. இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் அகலமாக வழி வெட்டுவது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்புக்குள், நடுத்தர மானுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இலக்கு அது. 7.8 மில்லிமீட்டர் குண்டு உள்ளே இருமடங்காக விரிந்தால் அதன் முகப்புப் பரப்பு நான்கு மடங்காகும். அந்த அகன்ற முகம் எதிரே வரும் திசுவை நசுக்கிக்கொண்டு போகும். அதோடு, பக்கவாட்டில் விசிறப்படும் திசு ஒரு கணம் பெரிய குழிவாகப் பிளந்து மூடும். நுரையீரல் பஞ்சுபோன்றது, இழுபட்டு ஓரளவு மீளும். கல்லீரலுக்கு அந்த இழுவை இல்லை, கிழிந்துவிடும்.

விரிய வேண்டும், ஆனால் சிதறவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டதுதான் வேட்டைக் குண்டின் வரலாறு. 1946இல் கனடாவில் ஜான் நோஸ்லர் என்பவர் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றை நெருங்கிச் சுட்டார். சேறு அப்பிய தடித்த தோலில் குண்டுகள் மேலாகவே உடைந்தன, உள்ளே போகவில்லை. அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கியது 'பார்டிஷன்' குண்டு. ஒரே செம்பு உறைக்குள் முன்னறை, பின்னறை என இரண்டு ஈயக் கட்டிகள், நடுவே செம்புச் சுவர். முன்பாதி காளானாக விரிந்து, தேய்ந்து போனாலும், சுவருக்குப் பின்னுள்ள பாதி கட்டியாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். எளிய யோசனை, 70 ஆண்டுகளைத் தாண்டியும் விற்பனையில் இருக்கிறது.

இன்றைய பெரிய மாற்றம் ஈயத்தையே விடுவது. ஈயக் குண்டு விரியும்போது அதன் துகள்கள், பல கண்ணுக்கே தெரியாதவை, காயத்தைச் சுற்றி வெகுதூரம் பரவுவதை எக்ஸ்ரே படங்கள் காட்டுகின்றன. வேட்டைக்காரர் காட்டில் விட்டுவரும் குடலைக் கழுகும் பிணந்தின்னிப் பறவைகளும் தின்கின்றன. கலிபோர்னியா காண்டோர் என்ற மாபெரும் பிணந்தின்னிக் கழுகு 1982இல் உலகிலேயே 22தான் எஞ்சியிருந்தது. கூண்டில் வளர்த்து மீண்டும் பறக்கவிட்டபின், அவற்றின் ரத்தத்தில் ஏறியிருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தார்கள். அது வேட்டைத் தோட்டாக்களின் ஈயத்தோடு ஒத்துப்போனது. ஐசோடோப்பு என்பது உலோகத்தின் கைரேகைபோல. எந்தச் சுரங்கத்தின் தாதுவிலிருந்து வந்தது என்பதுவரை காட்டும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது. டென்மார்க் 2024இல் ரைபிள் தோட்டாவிலும் ஈயத்தைத் தடைசெய்தது.

மாற்று, முழுச் செம்புக் குண்டு. மூக்கில் துளையிட்டு, உள்ளே கீறல் போட்டிருப்பார்கள். உடலின் ஈரம் அந்தத் துளைக்குள் அழுத்தத்தோடு புகுந்து குண்டை நான்கைந்து இதழ்களாகப் பிரித்துவிடும். எடை ஏறக்குறைய குறைவதே இல்லை, துகளும் மிகக் குறைவு. தான் கொன்ற விலங்கின் இறைச்சியை வீட்டுக் குழந்தைகளுக்கும் ஊட்டுகிற எவரும் ஈயத்தை இன்றே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் செம்புக்குப் போகிறவர் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, செம்பு கடினம். அது விரியக் குறைந்தபட்ச வேகம் வேண்டும். பல செம்புக் குண்டுகளுக்கு அது நொடிக்கு 600 மீட்டரை ஒட்டியிருக்கும். காற்றின் தடையால் குண்டு வேகம் இழந்துகொண்டே போவதால், குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் குறி சரியாக விழுந்தாலும் குண்டு விரியாது. இங்கிலாந்துச் சட்டம் தடுக்கும் அதே ஊசித்துளைதான் அங்கே நடக்கும். 'என் ரைபிள் 500 மீட்டர் சுடும்' என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே போய்ச்சேரும்போது குண்டுக்கு என்ன வேகம் இருக்கும் என்பது.

இரண்டாவது, செம்பு ஈயத்தைவிட லேசானது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், செம்பு 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாகவே இருக்கும். நீளமான குண்டு வேகமாகச் சுழன்றாக வேண்டும். இல்லையேல் பறக்கும்போது தலைகுப்புறப் புரளும். அந்தச் சுழற்சியைத் தருபவை குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளங்கள், அதாவது புரிகள். 25.4 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற புரியுள்ள குழலில், நாம் பார்த்த .30-06 குண்டு நிமிடத்துக்கு 1,90,000 தடவைக்கு மேல் சுழன்றபடி வெளியே வருகிறது. எந்த நீளக் குண்டுக்கு எவ்வளவு நெருக்கமான புரி வேண்டும் என்பதற்கு 1879லேயே ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் சூத்திரம் எழுதிவிட்டார். பழைய ரைபிளில் புதுச் செம்புக் குண்டு போட்டுக் குறி கலைந்தால் ஸ்கோப்பைப் பழிக்குமுன் குழலின் புரி அளவைப் பார்க்க வேண்டும்.

காலிபர் வழக்குக்கு வருவோம். .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்கும் .30-06க்கும் ஒரே எடைக் குண்டில் வேக வேறுபாடு நொடிக்கு 25 மீட்டர் அளவுதான். எந்த மானும் அந்த வேறுபாட்டை அறியாது. தோளுக்கோ வேறுபாடு தெரியும். மூன்றரைக் கிலோ ரைபிளைக் குண்டும் அதன் பின்னே பாயும் வாயுவும் சேர்ந்து நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னே உதைக்கின்றன. ரைபிள் கனமானால் உதை குறையும், மருந்து கூடினால் உதை கூடும். உதையை எதிர்பார்த்து விசையை (டிரிகரை) இழுக்கும் கணத்திலேயே உடல் சுருங்கிவிடும். கண் மூடும், குழல் விலகும். அப்படித்தான் வயிற்றில் பட்ட மான் காட்டுக்குள் ஓடுகிறது. பெரிய தோட்டா வாங்கினால் பெரிய பலன் என்ற எண்ணம் புதிதாக வருகிறவர்களைக் கெடுக்கிறது. 2007இல் வந்த 6.5 க்ரீட்மோர் என்ற தோட்டா பரவியதற்கு விளம்பரமும் ஒரு காரணம்தான். ஆனால் மெல்லிய, நீண்ட குண்டு காற்றைக் கிழித்துப் போகும், உதையும் குறைவு என்பது உண்மை. ரைபிளின் பொறியமைப்பில் நான் நேரம் செலவிட மாட்டேன். ஜெர்மானியத் துப்பாக்கி வடிவமைப்பாளர் பீட்டர் பால் மவுசரின் 1898ஆம் ஆண்டு போல்ட் அமைப்பின், அதாவது கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் அமைப்பின், வாரிசுகள்தான் இன்றும் பெரும்பாலும் விற்கின்றன. நல்ல விசை உள்ளதாக, தோளில் அணைக்கும் கட்டை ஈரத்தில் உப்பாததாக ஒன்று போதும்.

குண்டு குழலை விட்ட கணமே விழத் தொடங்குகிறது, கையிலிருந்து நழுவிய கல் விழுவதுபோலவே. அதனால் குழலைச் சற்று மேல்நோக்கி வைத்து, ஸ்கோப்பின் நேர்கோட்டைக் குண்டு இருமுறை வெட்டும்படி அமைக்கிறார்கள். 200 மீட்டருக்குச் சரிசெய்த .30-06இல் குண்டு 100 மீட்டரில் 5, 6 சென்டிமீட்டர் மேலே போகும். 300இல் 25 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இருக்கும். 400இல் ஏறக்குறைய முக்கால் மீட்டர். இலக்கின் குறுக்களவே 20 சென்டிமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் லேசர் தூரமானி ஏன் தேவை என்பது விளங்கும். 300 மீட்டருக்கு ஒளி போய்த்திரும்ப 2 மைக்ரோநொடி. அதை அளந்து தூரம் சொல்கிறது அந்தக் கருவி. மலைச்சரிவில் மேலோ கீழோ சுடும்போது சாய்வுத் தூரத்தை அல்ல, கிடைத் தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 30 பாகைச் சரிவில் 300 மீட்டர் என்பது 260 மீட்டர்தான்.

காற்றுதான் கடினம். பக்கக் காற்று குண்டை ஒதுக்குவது, குண்டு பறக்கும் மொத்த நேரத்தால் அல்ல. தடையே இல்லாத வெற்றிடத்தில் ஆகியிருக்கும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகிறது என்பதால். நொடிக்கு நாலரை மீட்டர் வேகக் காற்று, 300 மீட்டரில் நம் குண்டை 20 சென்டிமீட்டர் தள்ளிவிடும். முகத்தில் இதமாகப் படுகிற காற்றுதான் அது. குண்டு போகும் வழி முழுக்க அதை அளந்து சொல்ல எளிய கருவி இல்லை; புல்லையும் இலையையும் படித்துப் பழக வேண்டும், அல்லது இன்னும் 100 மீட்டர் நெருங்க வேண்டும். நெருங்குவதே மேல் என்பேன்.

மான்கள் விடியலிலும் அந்தியிலும் நடமாடுவதால் கண்ணாடியில் செலவு செய்வது வீண் அல்ல. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பிவிடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் 1935இல் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு அந்த இழப்பை அடைத்தது. 8x42 பைனாகுலர் என்றால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 42ஐ 8ஆல் வகுத்தது, சுமார் 5.3 மில்லிமீட்டர். மங்கலில் விரியும் கண்மணிக்கு அது ஏறக்குறைய போதும். காட்டைத் தேடுவதற்கு ரைபிள் ஸ்கோப்பை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஸ்கோப் பார்க்கும் இடத்தையெல்லாம் குழலும் பார்க்கிறது. அங்கே ஒரு மனிதர் இருக்கலாம். மேடோ மண்ணோ பின்னணியில் இல்லாமல் வானத்தை ஒட்டி நிற்கும் விலங்கையும் சுடக் கூடாது. தவறிய குண்டு 4 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும்.

பளீரென்ற ஆரஞ்சு உடையும் இதே காரணத்துக்குத்தான். மானின் கண்ணில் நிறம் அறியும் கூம்புகள் இரண்டே வகை. ஆரஞ்சு அதற்குத் தனித்துத் தெரியாது, மனிதருக்கோ பற்றி எரிவதுபோலத் தெரியும். ஆனால் புற ஊதாவின் பக்கம் மானின் கண் நம்மைவிடக் கூர்மை. துணியை 'வெண்மையாக்கும்' சலவைத்தூளில் உள்ள பொருள் புற ஊதாவை நீல ஒளியாக்கி விடுவதால், அதில் துவைத்த உடை மானுக்கு மினுங்கும். காதடைப்பானை விட்டுவிடாதீர்கள். 140 டெசிபெல் திடீர் ஒலியே செவிக்குள் மயிரணுக்களைச் சிதைக்கும், ரைபிளோ 160ஐத் தொடும். அந்த அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

சுட்டபின் ஓடாதீர்கள். இதயத்தில் பட்ட மானின் மூளையில் பத்து நொடி அளவுக்கு ஆக்சிஜன் எஞ்சியிருக்கும். அதற்குள் அது 100 மீட்டரைத் தாண்டிவிடும். மான் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் இருப்பது நல்லது. பிறகு போய் மண்டியிட்டுப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். மான் அருகேதான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். பச்சையும் நாற்றமும் கலந்திருந்தால் வயிறு; உடனே துரத்தினால் அது எழுந்து மைல்கணக்கில் போய்விடும். சில மணி நேரம் விட்டு, மோப்பநாயோடு திரும்ப வேண்டும். அதற்கென்றே வளர்க்கப்பட்ட பவேரிய மலைநாய் போன்ற இனங்கள், ஒரு நாள் பழைய ரத்தத் தடத்தையும் மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல் தொடர்ந்து போகும். கழுத்தில் நீண்ட வாரோடு அது முன்னே போக, வேட்டைக்காரர் பின்னே போகிறார்.