விமானம் மறுபடி மேலே ஏறினால் பதறாதீர்கள்

தரையைத் தொடப்போகும் நேரத்தில் விமானம் திடீரென்று இரைச்சலோடு மறுபடி மேலே ஏறினால் பயணிகளுக்குக் குலை நடுங்கத்தான் செய்யும். விமானிகளான எங்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. 'கோ அரவுண்ட்' என்போம். இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரில் இருக்கும் பொத்தானை அழுத்தி, மூக்கைத் தூக்கி, ஏறத் தொடங்கியதும் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்வோம், அவ்வளவுதான். தரையில் வைத்துப் பழக்கும் சிமுலேட்டரில் இதை அலுக்க அலுக்கச் செய்யவைக்கிறோம். எனக்குப் பயமெல்லாம் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாத விமானத்தை நினைத்துத்தான்.

2020 ஆகஸ்ட் 7, இரவு. துபாயிலிருந்து 190 பேரோடு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டுக்கு வருகிறது, கீழே நல்ல மழை. முதல் முறை இறங்கும்போது கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது, மேலே ஏறிவிட்டார்கள். அதுவரை சரி. அடுத்து ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து வந்தார்கள், பின்காற்று தள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் வழியும் கண்ணாடியில் ஓடுபாதை விளக்குகள் கலங்கித் தெரியும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எவ்வளவு தூரம் கடந்துவிட்டோம் என்று கண் தப்புக்கணக்குப் போடும். 8,858 அடி ஓடுபாதையில் முதல் 3,000 அடிக்குள் சக்கரம் பட்டிருக்க வேண்டும். பட்டது 4,438 அடியில். அதுவோ குன்றின் மேல் அமைந்த மேசை ஓடுபாதை. விமானம் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கையைப் படித்தபோது வைப்பரைவிட என்னை உறுத்தியது வேறொன்று. துணை விமானி முதலில் தயங்கித் தயங்கி எச்சரித்தார், அப்புறம் 'கோ அரவுண்ட்' என்றே சொல்லிவிட்டார். அந்த வார்த்தை வந்துவிட்டால் பேச்சே கிடையாது, ஏற வேண்டியதுதான். கேப்டன் ஏறவில்லை, துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை. கேப்டன் விமானப்படையில் சோதனை விமானியாக இருந்தவர், அனுபவத்துக்குக் குறைச்சல் இல்லை. மறுநாள் காலை அவர் ஓட்ட வேண்டிய இன்னொரு விமானம் இருந்தது, அந்த நினைப்பும் இறங்கியே தீரவேண்டும் என்று தள்ளியிருக்கிறது என்கிறது அறிக்கை. 2010-இல் மங்களூர் விமான விபத்தில் 158 பேர் இறந்தார்களே, அன்றும் துணை விமானி மேலே ஏறச் சொல்லியிருந்தார். அன்றைக்கு மழைகூட இல்லை.

பயிற்சிக்கு வரும் சின்னப் பையன்கள் 'சார், கொஞ்சம் பாருங்க சார்' என்று இழுப்பார்கள். 'அந்த சாரை எடுத்துட்டு, சத்தமாச் சொல்லு' என்பேன். வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளைகள், ஒரு வாரத்தில் மாறிவிடுமா என்ன?

இந்த அழுத்தத்தில் பயணிகளுக்கும் பங்கு உண்டு. விமானத்தை வேறு ஊரில் இறக்கிவிட்டால் கேபினில் நடக்கும் ரகளை காக்பிட் கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்கும். மழைக்காலத்தில் மேற்குக் கரையோர ஊர்களுக்குப் பறக்கிறீர்கள், மறுநாள் முகூர்த்தம் என்றால் ஒரு நாள் முன்னதாகவே டிக்கெட் போடுங்கள். வேறு ஊரில் இறக்கினால் விமானப் பணிப்பெண்ணிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை, அந்த முடிவு அவர் எடுத்ததில்லை.