குறுக்குவில்லுக்கு ஸ்கோப் வாங்குமுன் கண்ணைச் சோதியுங்கள்

ஒன்ராறியோவில் வெண்வால் மானுக்கான வில் வேட்டைப் பருவம் நெருங்க நெருங்க, என் கண் பரிசோதனை அறையில் குறுக்குவில் (கட்டையில் பூட்டி விசையால் எய்யும் வில்) வேட்டைக்காரர்களிடமிருந்து ஒரு முறைப்பாடு திரும்பத் திரும்ப வரும்: "டொக்டர், புது ஸ்கோப்தான், ஆனால் மங்கலாகத் தெரியுது." ஸ்கோப் என்பது வில்லின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி. பல தடவை குறை கண்ணில் இருக்கிறது. வேறு சிலருக்குக் கண்ணும் நல்லது, ஸ்கோப்பும் நல்லது, ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஸ்கோப் தேர்வு முழுக்க வில் கடைக்காரரின் வேலை என்று நினைக்கிறார்கள். அதில் பாதி கண் பரிசோதகரின் வேலை என்பேன்.

துப்பாக்கி வேட்டையிலிருந்து வருபவர்கள் 9 மடங்கு, 12 மடங்கு பெருக்கம் கேட்டு வாங்குகிறார்கள். குறுக்குவில்லால் மானை எய்வது பெரும்பாலும் 20 முதல் 40 கஜத்துக்குள். அதற்கு 1.5 முதல் 5 மடங்கு வரை பெருக்கும், 32 மில்லிமீட்டர் முன்வில்லை (முன்பக்க லென்ஸ்) கொண்ட ஸ்கோப் தாராளம். அதற்கு மேல் கூட்டினால் வட்டம் முழுக்க மானின் ரோமம்தான் தெரியும். தோளா விலாவா என்று பிடிபடாது.

வெளிச்சமும் குறையும். இங்கே சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை வேட்டைக்கு அனுமதி. மான் அதிகம் நடமாடுவதும் அந்த மங்கல் நேரங்களில்தான். முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், பின்வில்லை வழியே வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மில்லிமீட்டர் வில்லையில் 4 மடங்கு வைத்தால் 8 மில்லிமீட்டர். 9 மடங்கு வைத்தால் மூன்றரை. இளவயதுக் கண்மணி இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5 அளவில் நின்றுவிடும். அந்தக் கண்மணியைக்கூட மூன்றரை மில்லிமீட்டர் கற்றை நிரப்பாது.

வீட்டிலேயே பார்க்கலாம். வில்லிலிருந்து கழற்றிய ஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே, கையை நீட்டிப் பிடியுங்கள். சூரியனை நோக்கி மட்டும் வேண்டாம். பின்வில்லையில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் மிதக்கும். பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அது சுருங்கும். உங்கள் கண்ணுக்குள் போகப்போவது அந்த வட்டத்தின் வெளிச்சம்தான்.

ரெட் டாட் கருவி, அதாவது சிவப்பு ஒளிப்புள்ளியால் குறி காட்டும் கருவி, வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. சிவப்புப் புள்ளி நட்சத்திரம்போல் சிதறியோ வால் முளைத்தோ தெரிந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். கைபேசியால் அதன் வழியே படம் எடுங்கள். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் கருவியில் பிழை இல்லை. உங்களுக்கு அஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை) இருக்கலாம். ஸ்கோப்பின் பின்பக்கக் குவிய வளையம் கிட்டப்பார்வை, தூரப்பார்வையைச் சரிக்கட்டும், இதைச் சரிக்கட்டாது. கண்ணாடி போட்டேயாக வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்குப் புள்ளிக் கருவியைவிட, உள்ளே வில்லையில் (லென்ஸில்) பொறித்த குறிக்கோடு உள்ள ஸ்கோப்தான் என் சிபாரிசு.

புரோகிரசிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் படிப்படியாக மாறும் கண்ணாடி) போடுபவர்கள் வில்லின் கட்டையில் கன்னத்தை வைத்ததும் பார்வை கண்ணாடியின் மேல் மூலையால், மூக்கோரமாகப் போகும். அங்கே உருவம் நெளியும். வேட்டைக்கென்று தூரத்தைப் பார்க்க மட்டுமான, சற்று உயரமான கண்ணாடி ஒன்று எழுதி வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டே வெறும் வானத்தைப் பார்த்துக் குறிக்கோட்டைக் கூர்மையாக்குங்கள். உற்று நோக்கிக்கொண்டே இருந்தால் கண் தானே சரிசெய்து ஏமாற்றிவிடும். ஓரிரு வினாடி பார்ப்பது, கண்ணை விலக்குவது, குவிய வளையத்தைத் திருப்புவது, மறுபடி பார்ப்பது.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை உண்டு. அவர்களில் சிலருக்குச் சிவப்பு வெளிச்சக் குறிக்கோடு அந்தியில் கறுத்தே தெரியும். பச்சைக்கும் மாற்றக்கூடியதை வாங்கலாம். அதைவிட முக்கியம், உதிர்ந்த இலைமேல் கிடக்கும் இரத்தத் துளிகள் அவர்கள் கண்ணில் படாமல் போகலாம். அடிபட்ட மானைத் தேட நிறம் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். இதைக் கேட்காமல் நான் எந்த வேட்டைக்காரரையும் அனுப்புவதில்லை.

அம்பின் தாழ்வைக் காட்டும் கோடுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வினாடிக்கு 350 அடி வேகத்தில் போகும் அம்பு, 20 கஜத்துக்குச் சரிசெய்திருந்தால், 40 கஜத்தில் முக்கால் அடியாவது தாழும். அதற்காகத்தான் பல கோடுகள். அநேக ஸ்கோப்புகளில் உள்ள வேக வளையம் உண்மையில் பெருக்கத்தைத்தான் மாற்றுகிறது. அம்பின் வேகத்துக்கு அதைப் பொருத்திய பிறகு, 'இன்னும் கிட்டத் தெரியட்டும்' என்று திருப்பினால் 30, 40 கஜக் கோடுகள் எல்லாம் பொய்யாகிவிடும். பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அம்பு கனத்தால் வேகம் குறையும்.

மங்கல் என்று அடுத்தடுத்து ஸ்கோப் மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் கடைசியில் என்னிடம் வந்தார். இரண்டு கண்ணிலும் கண்புரை. தாழ்ந்த வெயில் எதிரே அடிக்கும்போது மானும் மரமும் ஒரே வெண்புகையாகத் தெரிந்திருக்கிறது. அந்தக் கண்ணோடு ஒரு பருவம் முழுக்க எய்திருக்கிறார். எந்த விலை ஸ்கோப்பும் அதைத் தீர்த்திருக்காது.

புதரில் அசைவது மானா மனிதரா என்று பார்க்க ஸ்கோப்பைத் தூக்காதீர்கள். அம்பு பூட்டிய வில் அந்தப் பக்கம் திரும்புகிறது. அதற்குப் பைனாகுலர் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் திறக்க ஆறு வாரம் இருக்கும்போதே கண்ணைச் சோதிக்க வாருங்கள். புதுக் கண்ணாடி கைக்கு வந்த பிறகு குறிக்கோட்டை மறுபடி கூர்மையாக்கி, 20, 30, 40 கஜங்களில், பகலில் ஒரு முறையும் அந்தியில் ஒரு முறையும் எய்து பார்க்க நேரம் வேண்டும்.