மரப்பட்டையை விடுங்கள், அடிமரத்தைப் பாருங்கள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் போன வாரம் இன்னொரு மாமரம். வீட்டுக்கார அம்மா கம்பித் தூரிகையால் பட்டையைத் தேய்த்து, மேலே மண்ணெண்ணெயும் பூசியிருந்தார். “மரத்துக்குத் தேமல் வந்துடுச்சு தம்பி, பரவுறதுக்குள்ள எடுத்துட்டேன்.” அவர் எடுத்தது லைக்கன், பட்டைமேல் திட்டுத் திட்டாகப் படரும் உயிர். அவர் காலடியிலேயே, வேர் கிளம்பும் இடத்தில், உள்ளங்கை அகலக் காளான் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மேலே பழுப்பு, ஓரம் வெள்ளை. சுற்றிலும் கொக்கோத் தூள் சிந்தியதுபோல் அதன் வித்துகள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மரங்களைப் பரிசோதிப்பது என் தொழில். எத்தனை வீட்டில்தான் இதையே சொல்வது!

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஸ்வென்டனர் 1867இலேயே சொல்லிவிட்டார். பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது, பூஞ்சை அதை வாங்கிக்கொள்கிறது. மரத்தின் சாறு அதற்குத் தேவையே இல்லை, பட்டை வெறும் இடம்தான். பாறையிலும் பழைய ஓட்டிலும்கூட வளர்கிறதே, அங்கே உறிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? “பட்டுப்போன கிளையில்தானே நிறைய இருக்கு” என்பார்கள். இலை கொட்டியதால் அங்கே வெளிச்சம் விழுகிறது, அதனால் லைக்கன் செழிக்கிறது. லைக்கன் வந்ததால் இலை கொட்டவில்லை. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான். அதற்காக மரத்திலிருந்து சுரண்டிச் சமைத்துவிடாதீர்கள்!

அந்தக் காளான் கேனோடெர்மா வகை. அதுவும் பூஞ்சைதான், ஆனால் அதற்கு உணவு மரமேதான். செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த இனம் செய்யும் அடித்தண்டு அழுகல் நன்றாகத் தெரியும். வெளியே காளான் தெரியும்போது உள்ளே அழுகல் வெகுதூரம் போயிருக்கும். உச்சி பச்சைப்பசேலென்று இருக்கும், வேர் பிடி விட்டிருக்கும்.

சரி, இனி செய்ய வேண்டியது. லைக்கனைத் தொடாதீர்கள். மண்ணெண்ணெய், பிளீச் எதுவும் வேண்டாம். சுரண்டிய காயம்தான் அழுகலுக்கு வாசல். புல்வெட்டும் இயந்திரத்தை அடிமரத்தில் இடிக்காதீர்கள், மண்ணைக் குவித்து அதை மூடாதீர்கள். காளானை உடைத்துப் போட்டுவிட்டு நோய் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். படம் எடுத்து, மரம் பார்க்கத் தெரிந்தவரை அழையுங்கள். சாலையோர அங்சானா நிழல்மரம் என்றால் மாநகர் மன்றத்திடம் புகார் கொடுங்கள். அதுவரை, தயவுசெய்து, அதன் கீழே காரை நிறுத்தாதீர்கள், பிள்ளைகளையும் விளையாட விடாதீர்கள்.